இருநூற்றியொன்று

காலை ஆறு மணிக்கு
மூணாறு தலைப்பில் அளவுகோல் பார்த்து
அடிக்கணக்கைப் போனில் சொல்வது என் வேலை.
தினக்கூலி.
ரிஜிஸ்டரில் என் பெயர் இன்னும் பென்சிலில்தான்.
வெண்ணாறு வந்து மூன்றாகப் பிரியும் இடம்;
எந்த ஷட்டருக்கு எத்தனை திருகு என்பதில்
கடைமடைக்காரன் கஞ்சி இருக்கிறது.
அந்த உரிமையில் கேட்கிறேன்,
எங்கள் கைப்பேசிக்குள்
எது முதலில், எது கடைசியில் என்று
திருகிக்கொண்டிருப்பவரே,
உங்கள் அளவுகோலை எங்கே நட்டிருக்கிறீர்கள்?

போன மாசியில் கொள்முதல் நிலையத்தில்
மூட்டைக்கு அறுபது ரூபாய் கைமாறியதை
நாற்பத்தெட்டு நொடி படம் எடுத்துப் போட்டேன்.
இரவுக்குள் ஒன்பதாயிரம் பேர் பார்த்தார்கள்.
அடுத்த நாள் முழுக்கப் பதினான்கு பேர்.
அதில் மூன்று நான்.
"இருநூறு ரிப்போர்ட் அடிச்சோம்ல" என்று
கடைத்தெரு டீக்கடையில் சிரித்தார்களாம்.
ஒரே பெஞ்சு, ஒரே வைஃபை,
வடை ஆறுவதற்குள் வேலை முடிந்தது.
இருநூறு மனு ஒரே கையெழுத்தில் வந்தால்
கலெக்டர் ஆபீஸ் டபேதார்கூட
ஒரு மனு என்றுதான் கட்டி வைப்பார்.

இன்னொருவன் 'டெல்டா வேங்கை'.
நள்ளிரவில் அவன் அனுப்பியதை இங்கே எழுதமாட்டேன்.
பிளாக் செய்துவிட்டுப் படுத்தேன்.
குழுத் தவணை கட்டப் போன இடத்தில்
லெட்சுமாங்குடி எழிலரசி
பேச்சுவாக்கில் அந்தப் பெயரைச் சொல்ல,
பொதக்குடி ஜெய்த்தூன் தலை நிமிர்ந்தாள்.
ரசீது எழுதிய பிள்ளையின் பேனா நின்றது.
ஏழு பேர், ஏழு ஊர்.
ஒருத்திக்கு ஒருத்தி சொல்லாமலே
ஏழு கதவு சாத்தியிருக்கிறோம்.
அவனோ அன்றைக்கும்
உங்கள் வரிசையின் உச்சியில் நின்று
மகளிர் தின வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்தான்.

ஒரு வயல் மடையை அடைத்தால்
தண்ணீர் போதும் என்று அர்த்தம், அவ்வளவுதான்.
என் நாத்தனாரைக்கூட அடைத்திருக்கிறேன்,
நகைச்சீட்டு விளம்பரம் தாங்காமல்.
நல்லவள்.
என் ஒருத்திக்காக அவளை ஊருக்கே மறைத்துவிடாதீர்கள்.
ஆனால் வேறு வேறு வாய்க்காலில்
முகமறியாத ஏழு வயல்
ஒரே வாரத்தில் மடை அடைத்தால்
செருப்பைக் கழற்றிக் கரையில் வைத்துவிட்டு
மேல்புறமாக நடப்பேன்,
தண்ணீரில் எவன் என்ன கலந்தான் என்று பார்க்க.
நீங்கள் நடந்தீர்களா?

இதோடு முடித்திருப்பேன்.
பங்குனியில் ஒருநாள்
மூட்டை தூக்கும் வீரையன் மகள்
சைக்கிளை ஷட்டர் கம்பியில் சாய்த்து நின்றாள்.
"அக்கா, படத்துல அப்பா முகம் தெரியுது.
காசு அவருக்கு இல்ல,
வாங்கிக் குடுக்கச் சொன்னாங்க, குடுத்தாரு.
ஒம்பது நாளா யாரும் வேலைக்குக் கூப்பிடல.
நானும் ரிப்போர்ட் அடிச்சேன்.
ஏன்னு எழுத அதுல இடமே இல்லக்கா."

இருநூற்றியொன்று.
மொய் எழுதுவதுபோல் வந்து விழுந்திருக்கிறது கணக்கு.
நோட்டையெல்லாம் டீக்கடை வைத்தது,
அந்த ஒற்றை நாணயம் மட்டும் இந்தப் பிள்ளை.
அதைத் தனியே எடுத்து
என் கையில் போட்டிருந்தால்
அன்றிரவே அவர் முகத்தை மறைத்திருப்பேன்.
நீங்கள் கூட்டினீர்கள்.
கூட்டினால் அவளும் அவர்களும் ஒரே பக்கம்.

முகத்தை மறைத்து மறுபடி போட்டேன்.
பார்த்தவர்கள் இருபத்தாறு.
வீரையன் இப்போது செங்கல் லாரியில் லோடு ஏற்றுகிறார்.
அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்க மறந்துவிட்டேன்.

ஆடி ஏழு, காலை ஆறு.
கோரையாற்றில் மூன்றடி இரண்டங்குலம் சார்,
நானே இறங்கிப் பார்த்தேன்.